சுற்றுகிறது, பற்றவில்லை

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை, காயில் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் நெருக்குகிறது. நெருக்கிய காற்று சூடாகிறது. அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. இவ்வளவு சுருக்கமான ஏற்பாட்டில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒரு வண்டியில் குறையில்லாமல் ஓடிய டீசல் எஞ்சினை இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றிய பிறகு சாவியைத் திருப்பினால், பெரும்பாலும் முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். ‘செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகலை’ என்பது பட்டறைகளில் தேய்ந்துபோன வசனம்.

டீசல் பெட்ரோலைவிட வெகு மலிவாக விற்ற காலத்தில் தென்னிந்தியப் பட்டறைகளில் சாதாரணமாக நடந்த ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். வண்டி, பழைய பெட்ரோல் ஜீப். அதன் எஞ்சினை இறக்கிவிட்டு, டெம்போ மேட்டடார் வேனிலிருந்து கழற்றிய நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினை வைக்கிறார்கள். மேட்டடாரின் எஞ்சின் மெர்சிடிஸ் பென்ஸின் ஓஎம் 616 வடிவம். பஜாஜ் டெம்போ நிறுவனம் உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. கொள்ளளவு 2.4 லிட்டர், அமுக்க விகிதம் 21க்கு 1. மவுண்டிங்குகளை வெல்டிங் வைத்து, கியர் பாக்ஸோடு பொருத்தி, ரேடியேட்டர் ஹோஸ் மாட்டி, ஆயில் ஊற்றியாயிற்று. இனி ஓட வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் ஏற்பாட்டில் பாதிதான் எஞ்சினோடு சேர்ந்து வருகிறது. பேட்டரி, தடித்த கேபிள்கள், எர்த் பட்டை, டீசல் போக வர உள்ள குழாய்கள், ஹீட்டர் ரிலே, நிறுத்தும் கேபிள் எல்லாம் பழைய வண்டியிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றின் இடத்தைப் பெட்ரோல் ஜீப்பின் மிச்சசொச்சங்களும் புதிதாகப் போட்ட இணைப்புகளும் நிரப்புகின்றன. ஆகவே போன வாரம் ஓடிய எஞ்சின் இன்று பற்றவில்லை என்றால், குறை எஞ்சினுக்குள் இருக்கும் வாய்ப்பு குறைவு; அதன் எல்லையில், இணைப்புகளில் இருக்கும் வாய்ப்பே அதிகம். எந்த இணைப்பு எப்படிக் கெடுக்கும் என்பதை எளிய இயற்பியலே காட்டிக்கொடுக்கும்.

சூடும் நேரமும்

ஒரு முனை மூடிய சிறு குழலுக்குள் இறுக்கமான தண்டைச் சட்டென்று அடித்து இறக்கி, நுனியில் வைத்த பஞ்சைப் பற்றவைக்கும் கருவி தென்கிழக்காசியாவில் வெகுகாலம் புழங்கியது. ஐரோப்பாவுக்கும் அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து, இங்கிலாந்தில் 1807இல் காப்புரிமை பெற்றது. தண்டை மெதுவாக இறக்கினால் பஞ்சு பற்றாது. நெருக்குவதில் பிறக்கும் சூடு குழலின் சுவருக்குப் போய்விடும். ஓரங்களில் காற்றும் கசிந்துவிடும். சூடு தப்பியோடுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

மேட்டடார் எஞ்சினிலும் இதே கணக்குதான். 30 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை 21இல் ஒரு பங்காக, துளிச் சூடும் வெளியேறாமல் நெருக்கினால், ஏட்டுக் கணக்குப்படி அது 750 டிகிரியைத் தொடும். உண்மை எஞ்சினில் சூடும் காற்றும் தப்புகின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது பிஸ்டன் கீழிருந்து மேலே போக 0.015 விநாடிதான் ஆகிறது, தப்புவதற்கு நேரமில்லை. செல்ஃப் மோட்டார் 200 சுற்றில் சுற்றும்போதோ அதே பயணத்துக்கு 0.15 விநாடி, அதாவது பத்து மடங்கு நேரம். பேட்டரி தளர்ந்து 100 சுற்றாகிவிட்டால் 0.3 விநாடி. சுவரோ குளிர்ந்த இரும்பு. இத்தனை இழப்புக்கும் பிறகு காற்று 400 டிகிரிக்கு அருகில் நின்றுவிடலாம்.

டீசல் பற்ற 250 டிகிரிகூடத் தேவையில்லையே, பிறகென்ன என்று கேட்கலாம். அந்த எண், ஆய்வகத்தில் நிதானமாகக் காத்திருந்து அளந்தது. எஞ்சினுக்கு அந்த நிதானம் இல்லை. துளிகள் ஆவியாகி, காற்றோடு கலந்து, சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளில் பற்றியாக வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிவிட்டால் காற்று விரிந்து குளிர்ந்துவிடும். சூடு குறையக் குறையப் பற்றுவதற்கு ஆகும் தாமதம் கூடும். தாமதம் கூடினால் வாய்ப்பு நழுவும்.

இந்த எஞ்சினில் இன்னொரு சிக்கலும் உண்டு. டீசல் நேராக சிலிண்டருக்குள் போவதில்லை. ஹெட்டில் உள்ள சிறு முன்னறைக்குள் பீய்ச்சப்படுகிறது. எரிதல் மென்மையாக இருக்கும், சத்தம் குறையும். ஆனால் காற்று ஒடுக்கமான துவாரங்கள் வழியே அந்த அறைக்குள் போகும்போது சுற்றிலும் உள்ள உலோகம் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால்தான் ஒவ்வொரு முன்னறையிலும் ஒரு ஹீட்டர் பிளக். அதன் நுனி பழுக்கச் சிவந்து, பற்றுவதற்கான இடத்தைத் தானே உருவாக்கித் தருகிறது. நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் லாரி எஞ்சின்கள் நம் வெயிலில் ஹீட்டர் இல்லாமலே ஸ்டார்ட் ஆகும். அதைப் பார்த்துப் பழகிய கை, மேட்டடார் எஞ்சினின் ஹீட்டர் வயரை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடும். கோடை மாதத்திலும்கூட ஆறிய முன்னறை எஞ்சின் அந்த வயர் இல்லாமல் முரண்டு பிடிக்கும்.

ஒரு மறந்த எர்த் பட்டை

சுற்றும் வேகமே சூடு என்றால், வேகத்தைத் தருவது மின்சாரம். அந்தக் காலப் பெட்ரோல் எஞ்சினின் அமுக்க விகிதம் ஏழு, எட்டு என்ற அளவில் இருக்கும். 21க்கு 1 உள்ள எஞ்சினைச் சுற்ற அதைவிட மிகப் பெரிய செல்ஃப் மோட்டார் வேண்டும். 300 ஆம்பியர் சர்வசாதாரணமாக இழுக்கும். ஜீப்பின் பழைய பேட்டரியும் அதன் மெலிந்த கேபிளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஓமின் விதியை இங்கே போட்டுப் பார்க்கலாம். துருவோ பெயின்ட்டோ ஒரு முனையில் 0.01 ஓம் தடையை உண்டாக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட்டின் சில ஆம்பியர்களுக்கு அது தெரியவே தெரியாது. விளக்கு பளிச்சென்று எரியும். 300 ஆம்பியர் பாயும்போது அதே முனை 3 வோல்ட்டை விழுங்கும். சுமையில் 10 வோல்ட்டுக்கு இறங்கிய பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு 7 வோல்ட்தான் போய்ச் சேரும். விழுங்கிய மின்சாரம் 900 வாட் சூடாக அந்த முனையிலேயே வெளிப்படும்.

எஞ்சின் மாற்றிய வண்டிகளில் அடிக்கடி விடுபடுவது எர்த் பட்டை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியின் எதிர்முனை சேஸிஸில் இருக்கும். சேஸிஸையும் எஞ்சினையும் இணைக்கும் பின்னல் பட்டை பழைய வேனிலேயே நின்றுவிட்டிருக்கும். அப்போது மின்சாரம் கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் சூடாகிப் புகைந்தால், அதன் வழியே செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். கண்டுபிடிக்க வோல்ட் மீட்டர் போதும்: ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

புகை சொல்லும் சேதி

வேகம் சரியாக இருந்தும் எஞ்சின் பற்றவில்லையா? சைலன்ஸர் முனையைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆவியாகிறது, ஆனால் எரியாமல் வெளியேறுகிறது. அப்படியானால் குறை சூட்டில் அல்லது டைமிங்கில். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. தேடல் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. எஞ்சின் மாற்றிய வண்டியில் முதலில் வருவது பெரும்பாலும் இரண்டாவது வழி. காரணம், டீசல் குழாய்களில் புகுந்த காற்று.

டீசல் எஞ்சின் சரித்திரத்திலேயே நெருக்குவதைவிட எண்ணெயை உள்ளே செலுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. ரூடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர் தொழிற்சாலையில் 1893 ஆகஸ்ட்டில் தன் முதல் சோதனை எஞ்சினைத் தொழிற்சாலையின் பெல்ட்டால் சுற்றவைத்தார். முதல் வெடிப்பிலேயே அழுத்தம் அளக்கும் கருவி சிதறியது. நெருக்கினால் பற்றும் என்பது அன்றே உறுதியாகிவிட்டது. ஆனால் எஞ்சின் தன் பலத்தில் ஒரு நிமிடம் ஓட 1894 பிப்ரவரி 17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உருப்படியான எஞ்சின் என்று அதிகாரபூர்வமாகச் சோதித்து, 26.2 சதவீதத் திறன் பதிவானது 1897இல். அப்போதும் எண்ணெயை ஊதிச் செலுத்தத் தனியாக ஒரு காற்று அமுக்கி வேண்டியிருந்தது. சிறு வண்டிக்குள் அடங்கும் இன்ஜெக்ஷன் பம்பை ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927இல் தொடராகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகே டீசல் சாலைக்குப் பரவலாக வந்தது. இந்தியாவில் அந்த பம்புகளைச் செய்த மைக்கோவின் பெயர் மெக்கானிக்குகளின் வாயில் இன்றும் பம்பின் பெயராகவே நிற்கிறது.

அந்த பம்ப் செய்யும் வேலை நுணுக்கமானது. ஒவ்வொரு முறையும் அது அனுப்புவது சுமார் 40 கன மில்லிமீட்டர் டீசல், ஒரு சொட்டுக்கும் குறைவு. டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்க 115 பார் அழுத்தமாவது வேண்டும். திரவம் எளிதில் சுருங்காது. அந்த அழுத்தத்தில் டீசல் ஒரு சதவீதம்கூடச் சுருங்குவதில்லை. அதனால் பம்ப் தள்ளியது நாசிலில் அழுத்தமாகத் தெரியும். காற்று அப்படியல்ல. அதே அழுத்தத்துக்கு அது நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். குழாயில் 40 கன மில்லிமீட்டர் குமிழி ஒன்று இருந்தால், பம்ப் தள்ளியதெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். நாசில் மூடியே கிடக்கும். பம்ப் பின்வாங்கியதும் குமிழி மறுபடி விரியும். எவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தாலும் இந்த மூச்சுப் பயிற்சிதான் நடக்கும்.

எஞ்சினை மாற்றும்போது எல்லாக் குழாய்களும் காலியாகிவிடுகின்றன. ஆகவே ‘ஏர் எடுப்பது’ சடங்கல்ல, கட்டாயம். வரிசையும் டீசல் பாயும் வரிசைதான். முதலில் ஃபில்டரின் ஸ்குரூவைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்பில் உள்ள கை பிரைமரை அடிக்க வேண்டும். நுரையோடு வரும் டீசல் கண்ணாடிபோலத் தெளிந்து வரும்வரை அடித்து, ஸ்குரூவை இறுக்க வேண்டும். பிறகு இன்ஜெக்ஷன் பம்பில் அதே வேலை. கடைசியாக நாசில் முனைகளில் உள்ள நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடிக்க வேண்டும். உள்விட்டம் 2 மில்லிமீட்டர், நீளம் அரை மீட்டர் உள்ள இரும்புக் குழாயில் சுமார் 1600 கன மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. நிரம்ப 40 தள்ளல் ஆகும். இரண்டு சுற்றுக்கு ஒரு தள்ளல் என்பதால் 80 சுற்று. 200 சுற்று வேகத்தில் அது 24 விநாடி. செல்ஃப் மோட்டாரை ஒரே மூச்சில் 10, 15 விநாடிக்கு மேல் சுற்றினால் சுருள்கள் காய்ந்துவிடும். எனவே இடையில் ஓய்வு கொடுத்து இரண்டு மூன்று தடவையாகச் செய்ய வேண்டும். நட்டுகளின் ஓரத்தில் டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கினால், ஏதோ ஒரு சிலிண்டர் ‘டக்’கென்று அடிக்கும். ஒன்று அடித்துவிட்டால் சுற்று வேகம் கூடும். வேகம் கூடினால் காற்றின் சூடு கூடும். அடுத்த சிலிண்டர் சேர்ந்துகொள்ளும். நாசிலிலிருந்து நேராக வரும் பீச்சலுக்கு முன் மட்டும் கையை நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது அறுவைச் சிகிச்சைவரை கொண்டுபோய் விடும் காயம்.

பெட்ரோல் ஜீப்பின் டேங்க் இங்கே இரண்டு விதத்தில் காலை வாரும். பெட்ரோலுக்கு ஒரே குழாய் போதும். டீசலுக்குத் திரும்பிவரும் குழாயும் வேண்டும். பம்புக்கு வேண்டியதைவிட அதிகமாகவே டீசல் வந்து, மிச்சம் குமிழிகளையும் சூட்டையும் சுமந்துகொண்டு டேங்குக்குத் திரும்புகிறது. அந்த வழி இல்லையென்றால் குமிழிகள் பம்பிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டாவது, அடியில் தங்கிய பழைய பெட்ரோல். பெட்ரோலின் நற்குணமே தானாகப் பற்ற மறுப்பது. டீசலுக்கு வேண்டியது நேர்மாறான குணம். இந்திய டீசலுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச சீட்டேன் எண் 51 அதைத்தான் அளக்கிறது. பெட்ரோல் கலந்தால் பற்றும் தாமதம் கூடும்; டீசலின் வழவழப்பை நம்பி இயங்கும் பம்பின் பிளஞ்சர்களும் தேயும்.

இருபத்து நான்கு பாகை

வெள்ளைப் புகை வந்துகொண்டே இருக்கிறது, ஹீட்டர் சிவக்கிறது, சுற்று வேகமும் இருக்கிறது என்றால் டைமிங்கைப் பார்க்க வேண்டும். ஓஎம் 616 வடிவத்தில் பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்கு 24 பாகை முன்பாக பம்ப் தள்ளத் தொடங்க வேண்டும். எஞ்சினை ஏற்ற வசதியாக பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் இந்தக் கணக்கு பிசகியிருக்கலாம்.

பெரிய பிசகு ஒன்று உண்டு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வருகிறது: ஒரு தடவை காற்றை நெருக்க, இன்னொரு தடவை புகையை வெளியேற்ற. கிராங்க் புல்லியில் உள்ள குறி இரண்டுக்கும் ஒன்றே. தவறான வருகையில் பம்பை மாட்டினால், திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியே டீசல் ஆவியாக வெளியேறும். மேகம்போல வெள்ளைப் புகை வரும், ஒரு வெடிப்பும் இருக்காது. வால்வு கவரைத் திறந்து, முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்போது குறி சேர்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

ஓடவிடுவதும் நிறுத்துவதும்

இந்த வகைப் பழைய டீசல் எஞ்சினைச் சாவியால் நிறுத்த முடியாது. அணைக்கத் தீப்பொறி இல்லையே. டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். அதற்காக பம்பில் ஒரு நெம்புகோல், டேஷ்போர்டு வரை ஒரு ஸ்டாப் கேபிள். கேபிள் மாட்டாத நிலையில் அந்த நெம்புகோல் ‘நிறுத்து’ பக்கம் சாய்ந்திருந்தால், ஏர் எடுத்தும் எஞ்சின் கிளம்பாது. ரோட்டரி வகை பம்பில் கேபிளுக்குப் பதில் சொலினாய்டு இருக்கும். 12 வோல்ட் வந்தால்தான் டீசலுக்கு வழி திறக்கும். காமன் ரெயில் எஞ்சின்களில் இணைப்புகளின் பட்டியல் இன்னும் நீளம். கிராங்க் சென்சார், கேம் சென்சார், ரெயில் அழுத்தம், இம்மொபிலைசர் ஆகிய எல்லாம் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் திருப்தி அளித்தால்தான் நாசிலுக்கு உத்தரவு போகும். இயற்பியல் மாறவில்லை, அனுமதி கேட்கும் வாசல்கள் கூடியிருக்கின்றன.

ஸ்டார்ட் ஆகாத எஞ்சினைவிட ஆபத்தானது நிற்காத எஞ்சின். சில பழைய பம்புகளின் கவர்னர், காற்றுக் குழாயின் உறிஞ்சலை ஒரு சிறு ஹோஸ் வழியே உணர்ந்து டீசலைக் கட்டுப்படுத்தும். அந்த ஹோஸை மாட்ட மறந்தால் பம்ப் முழு அளவில் தள்ளும். எஞ்சின் சிதறும் அளவுக்கு வேகம் பிடிக்கும். அனுபவமுள்ளவர்கள் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காற்றுக் குழாயின் வாயை மூடும் அளவுக்கு ஒரு தட்டைப் பலகையைக் கையில் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். டீசலை நிறுத்த முடியாவிட்டாலும் காற்றை நிறுத்தலாம். கையால் மூடப் பார்ப்பது விபரீதம். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது ஈதர் ஸ்பிரே அடிப்பதும் அப்படித்தான். பிஸ்டன் மேலே வருவதற்குள் பற்றி, கனெக்டிங் ராடை வளைத்துவிடலாம்.

சட்டத்துக்கும் ஒரு வாசல் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் எண்ணும் எரிபொருளும் அந்த விவரங்களில் சேர்ந்தவை. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை

எஞ்சின் பிடித்து ஓடத் தொடங்கியதும் பட்டறையில் ஆரவாரம் எழும். ஆனால் உண்மையான தேர்வு மறுநாள் காலையில்தான். முதல் நாள், கை பிரைமரை அடித்துக் குழாய்களை நிரப்பி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, எல்லாச் சலுகையும் தந்துதான் ஸ்டார்ட் செய்தோம். இரவில் எஞ்சின் ஆறும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. அதனால் அங்கே ஒரு கிளிப் தளர்ந்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே புகும். தரையில் ஒரு துளி இருக்காது, துடைத்துப் பார்த்தாலும் ஈரம் இருக்காது. ஆனால் இரவு முழுக்க அந்த இடுக்கு வழியே காற்று நுழைய, டீசல் மெல்ல டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் எஞ்சின் ஓரிரு விநாடி ஓடி அணைந்து, பிறகு முரண்டு பிடித்தால் இதுதான் சங்கதி. ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் ஒளி ஊடுருவும் குழாயைச் செருகிப் பார்த்தால் குமிழிகள் வரிசையாகப் போவது தெரியும். அங்கிருந்து டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கிப் போனால் இடுக்கு அகப்படும்.

ஆறிய எஞ்சின், ஹீட்டர் விளக்கு அணைந்ததும், பிரைமரைத் தொடாமல், இரண்டு மூன்று சுற்றிலேயே பிடித்துக்கொண்டால் கேபிள், எர்த், ஹீட்டர், உறிஞ்சும் குழாய், டைமிங் எல்லாம் ஒரே நேரத்தில் தேறிவிட்டன. எஞ்சின் மாற்றும் வேலை முடிந்தது என்று அதன் பிறகுதான் சொல்லலாம்.